பாராமோ மழை ஜாக்கெட்: சவ்வு கிடையாது, வாளி வேண்டும்

பாராமோ ஜாக்கெட்டை முதன்முறை கையில் எடுப்பவருக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும். மழைக்கோட்டுக்குரிய மொரமொரப்பும் பளபளப்பும் இல்லை. தையலுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டிய டேப்பைத் தேடினால் அதையும் காணோம். பலமுறை துவைத்த பருத்திச் சட்டை மாதிரி கையில் குழைகிறது. 300 பவுண்டை ஒட்டிய விலைச்சீட்டையும் பார்த்துவிட்டு, 'இதுவா மழையைத் தாங்கப்போகிறது?' என்று கேட்காதவர் குறைவு. தாங்கும். ஆனால் எப்படித் தாங்குகிறது, எங்கே கைவிடும் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டிய சாமான் இது. மற்ற துணிகளோடு சேர்த்து மெஷினில் போட்டுத் துவைப்பவருக்கு நான்கைந்து சலவைக்குள் 300 பவுண்டு விலையில் ஒரு நனையும் சட்டைதான் மிஞ்சும்.

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில் வாட்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரிலிருந்து நடக்கும் சின்ன நிறுவனம் பாராமோ. நிக் பிரௌன் 1977-இல் மலையேறும் பூட்ஸுக்கு மெழுகு காய்ச்சி விற்கத் தொடங்கிய நிக்வாக்ஸ்தான் அக்கா. 1992-இல் வந்த பாராமோ தங்கை. ஆண்டிஸ் மலையில் மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கும் பனிக்கோட்டுக்கும் நடுவே, எந்நேரமும் மூடுபனியும் தூறலுமாகக் கிடக்கும் புல்வெளிக்குப் பாராமோ என்று பெயர். அந்தக் குளிர்ந்த ஈரத்துக்காகவே யோசிக்கப்பட்ட உடை என்பதை மனதில் வைத்துக்கொண்டால், இதன் பலமும் பலவீனமும் பாதி புரிந்துவிடும்.

மீதிப் பாதி துணியில் இருக்கிறது. வழக்கமான மழை ஜாக்கெட்டில் இரண்டு துணிகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். வெளியிலிருந்து நீர்த்துளி புகாது, உள்ளிருந்து நீராவி மட்டும் போகும். வியர்வை ஒருமுறை திரவமாகிவிட்டால் அது உள்ளேயே கிடக்கும். பாராமோ பயன்படுத்தும் அனலஜி என்ற துணியில் சவ்வே கிடையாது. நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் மேல்துணி காற்றையும் மழையின் பெரும்பகுதியையும் தடுக்கிறது. அதற்குள் தனியாகத் தொங்கும் உள்துணியில்தான் சூட்சுமம். அதன் இழைகள் உடம்புப் பக்கம் அடர்த்தியாகவும், வெளிப்பக்கம் போகப்போக இடைவெளி விட்டும் இருக்கும். விலங்கின் ரோமத்தைப் பார்த்துச் செய்தது என்கிறார்கள். ஆட்டின் முதுகில் மேல்முடி நனைந்திருக்கும்போதே அடிமுடியை விலக்கிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இழை ஒவ்வொன்றிலும் நீரை ஒட்டவிடாத பூச்சு உண்டு. அப்படிப்பட்ட இழைகள் நெருங்கி நிற்கும் இடத்தில் நீருக்குத் தங்க இடமில்லை. இடைவெளி அதிகமுள்ள வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. ஆவி மட்டுமல்ல, வியர்வைத் துளியும் அப்படியே வெளியேறும். உள்ளே போட்ட சட்டை ஈரமாக இருந்தாலும் நடக்க நடக்கக் காய்ந்துவிடுவது இதனால்தான்.

ஆக, எல்லாம் அந்தப் பூச்சின் தயவு. பூச்சு வேலை செய்யாவிட்டால் சவ்வு ஜாக்கெட்டில் மேல்துணி மட்டும் கனத்துப்போகும், உள்ளே அனேகமாகக் காய்ந்திருக்கும். இதில் பின்னால் காவல் நிற்க வேறெதுவும் இல்லை.

அந்தப் பூச்சு எதனால் ஆனது என்பதில்தான் இந்த நிறுவனத்தின் சுற்றுச்சூழல் பேச்சுக்கு நிஜமான எடை. மழையுடைகளில் பல பத்தாண்டுகளாகப் பூசப்பட்டு வந்தவை ஃபுளோரின் சேர்மங்கள். நீரையும் எண்ணெயையும் ஒருசேர விலக்கும், சீக்கிரம் கழியாது. இயற்கையில் சிதையாது என்பதுதான் தொல்லை. இந்தக் குடும்பத்துப் பிஎஃப்ஓஏ என்ற சேர்மம் 2019-இல், சிதையாத நச்சு ரசாயனங்களுக்கான சர்வதேச ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் ஒழிப்புப் பட்டியலில் சேர்ந்தது. கலிபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து துணிகளில் இந்தச் சேர்மங்களுக்குத் தடை. கடுமழைக்கான உடைகளுக்கு மட்டும், இந்தச் சேர்மம் இருப்பதை எழுதி ஒட்டினால் 2028 வரை அவகாசம். பெரிய பெயர்கள் எல்லாம் இந்த நெருக்கடியில் துணியை மாற்றிக்கொண்டிருக்கும்போது, நிக்வாக்ஸின் நீர்விலக்கியில் ஃபுளோரின் எப்போதுமே இருந்ததில்லை. ஜிப், நூல், சாயம் என்று மிச்சமிருக்கும் கெடுதலான ரசாயனங்களையும் விலக்குவதாக 2016-இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் டீடாக்ஸ் உறுதிமொழியில் கையெழுத்திட்டது பாராமோ. வெளிப்புற உடை நிறுவனங்களில் அதுதான் முதல் கையெழுத்து.

இதற்கு அணிபவர் கொடுக்கும் விலையும் உண்டு. ஃபுளோரின் இல்லாத பூச்சு நீரை விலக்கும், எண்ணெயை விலக்காது. கழுத்துப்பட்டி, மணிக்கட்டு, முதுகுப்பை வார் உரசும் தோள் ஆகிய இடங்களில்தான் உடம்பு எண்ணெயும் சன்ஸ்கிரீனும் முதலில் படியும். மழை உள்ளே வருவதும் அங்கிருந்துதான். 'தோளில் ஒழுகுகிறது, தையல் விட்டுவிட்டது' என்று வரும் புகார்களில் பெரும்பாலும் தையல் நிரபராதி.

சோதித்துப் பார்ப்பது எளிது. காய்ந்த ஜாக்கெட்டை மேசையில் விரித்து, விரலால் தண்ணீர் தெளியுங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி துளி உருண்டு ஓடினால் ஒன்றும் செய்ய வேண்டாம். துளி தட்டையாகப் படுத்து, அதைச் சுற்றித் துணி நிறம் கருத்தால் அழுக்கு, சலவை வேண்டும். சலவை முடிந்து காய்ந்த பிறகும் கருத்தால்தான் பூச்சைப் புதுப்பிக்க வேண்டும். பலர் இந்த நடுப்படியைத் தாண்டிக் குதித்து, அழுக்கின் மேலேயே புதுப் பூச்சை ஏற்றுகிறார்கள். பூச்சு இழையில் பிடிக்காமல் அழுக்கோடு சேர்ந்து உதிரும். பணம் தண்ணீரோடு போகும்.

சலவைக்கு டெக் வாஷ், பூச்சுக்கு டிஎக்ஸ் டைரக்ட். இரண்டும் நிக்வாக்ஸுடையவை. ஜாக்கெட் விற்பவரே சோப்பும் விற்கிறாரே என்று தோன்றும், நியாயமான சந்தேகம். ஆனால் காரணம் இருக்கிறது. வழக்கமான சலவைப் பவுடரும் லிக்விடும் துணியில் கொஞ்சம் தங்கிவிடும். அழுக்கைத் தண்ணீரோடு சேர்த்து வைப்பதுதான் அவற்றின் வேலை என்பதால், தங்கிய மிச்சம் மழைத்தண்ணீரையும் வாவென்று இழுத்து வைத்துக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் இன்னும் மோசம். டெக் வாஷ் அந்த வகை டிடர்ஜென்ட் அல்ல, சோப்பு.

சோப்பு என்பதாலேயே ஒரு வில்லங்கம்: கடின நீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் தயிர்போலத் திரிந்து ஒட்டுவதை போர்வெல் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்புப் பாறை நீர் வரும் லண்டனிலும் இதே கதை. ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு. கிளாஸ்கோ, மான்செஸ்டர் பக்கம் நீர் மென்மையானது. மென்மையான நீருக்கு ஒரு மெஷின் சலவைக்கு 100 மி.லி. டெக் வாஷ், கடின நீருக்கு 150 மி.லி. சென்னையில் வாளியில் துவைப்பதென்றால் பிடித்துவைத்த மழைத்தண்ணீரைவிட நல்லது வேறில்லை. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று இதில் ஊற்றிவிடாதீர்கள். குழாய்த் தண்ணீரைவிட அதுதான் கடினம்.

மெஷினின் பவுடர் தட்டை முதலில் கழற்றி, வெந்நீரில் கழுவுங்கள். மூலையில் உறைந்திருக்கும் ஒரு ஸ்பூன் பழைய பவுடர் இத்தனை ஏற்பாட்டையும் கெடுக்கப் போதும். ஜிப்புகளை மூடி, வெல்க்ரோவை ஒட்டிவிடுங்கள். திறந்த வெல்க்ரோ உள்துணியின் இழையைப் பிய்க்கும். மெஷினில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு உடை. சூடு லேபிளில் உள்ளபடி, பெரும்பாலும் 30 டிகிரி. அலசும் தண்ணீரில் இன்னும் நுரை தெரிந்தால் மறுபடி ஒரு அலசல். பூச்சும் தேவை என்று சோதனை சொன்னால், துணி ஈரமாக இருக்கும்நிலையில், ஓர் உடைக்கு 100 மி.லி. கணக்கில் டிஎக்ஸ் டைரக்டை ஊற்றி இன்னொரு முழு ஓட்டம். வேறு துணி எதையும் கூடப் போடாதீர்கள், பூச்சை அதுவும் குடித்துவிடும். அளவு கூடினால் கருநிற ஜாக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். பயப்பட வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூடு, இல்லையேல் நிழலில் கொடி. ஸ்பிரே பாட்டில் வகையை இதற்கு வாங்காதீர்கள். உள்துணிக்கும் பூச்சு போய்ச் சேர வேண்டும். ஸ்பிரே மேலோடு நின்றுவிடும்.

இந்த வேலைக்கு மொத்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போகும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை இதைச் செய்யச் சோம்பல் என்றால், தயவுசெய்து சவ்வு ஜாக்கெட்டே வாங்கிக்கொள்ளுங்கள்.

செய்கிறவருக்குப் பலன் கிழிசல் விழும் நாளில் தெரியும். முள்வேலியில் மாட்டி இரண்டு அங்குலம் கிழிந்த சவ்வு ஜாக்கெட்டுக்கு ஒட்டுத்துணியும் பசையும் வேண்டும். ஊசி குத்தினால் குத்திய ஓட்டை எல்லாம் ஒழுகும். நாள்பட்ட சவ்வு துணியிலிருந்து பிரிந்து, செதில் செதிலாக உதிர்வதும் உண்டு, அதற்கு மருந்தில்லை. அனலஜி துணியில் பிரிவதற்கு ஒன்றுமில்லை. வீட்டில் இருக்கும் மெல்லிய ஊசியும் பாலியெஸ்டர் நூலும் போதும். கிழிந்த விளிம்பை உள்ளே மடித்து நெருக்கமாகத் தைத்து, அடுத்த பூச்சுச் சலவையில் போட்டால் ஊசித் துளைகளும் நீரை விலக்க ஆரம்பிக்கும். பருத்தி நூல் மட்டும் வேண்டாம். அது திரிபோல நீரை உறிஞ்சி உள்ளே இழுத்துவரும். தையற்காரரிடம் கொடுத்தாலும் நூலை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பாராமோவே பழுதுபார்த்தும் தருகிறது. பழைய ஜாக்கெட்டைத் திரும்ப வாங்கிச் சரிசெய்து விற்கவும் செய்கிறது. பசையும் சவ்வும் இல்லாமல் பெரும்பகுதி பாலியெஸ்டராகவே இருப்பதால் இதெல்லாம் சாத்தியமாகிறது.

பெரும்பாலும் தைக்கப்படுவது கொலம்பியாவின் பொகோட்டாவில், கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் மிக்கேலினா தொழிற்கூடத்தில். பாலியல் தொழிலிலிருந்தும் தெருவாழ்க்கையிலிருந்தும் மீளும் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்து வேலை தரும் இடம். தையலில் தர்மகாரியத்துக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய குறை எதுவும் இல்லை: பை மூலைகளில் இரட்டைத் தையல், தொப்பி விளிம்பில் வளைத்தால் நிற்கும் கம்பி, கையுறை போட்டபடியே பிடித்து இழுக்கக்கூடிய ஜிப் கயிறு.

குறைகள் உண்டு, சின்னவை அல்ல. அழுத்தம் பட்டால் நீர் உள்ளே வரும். ஈரப் பாறையில் உட்கார்ந்தால், சேற்றில் முழங்காலிட்டால், இதே துணியில் வரும் கால்சட்டை நனையும். பத்துப் பதினைந்து கிலோ முதுகுப்பையின் வார் நாள் முழுக்கத் தோளை அழுத்தினாலும் அப்படியே. எழுந்து நடந்தால் உடம்புச் சூட்டில் காயும் என்பது உண்மைதான். ஆனால் நடக்கத்தான் வேண்டும். மழையில் அசையாமல் நிற்கும் வேலைக்காரருக்கு இது தோதுப்படாது.

அடுத்தது சூடு. எப்போதும் இரண்டு அடுக்கு உடம்பில் இருப்பதால், 10 டிகிரிக்குக் கீழே சுகம். 15-ஐத் தாண்டினால் புழுக்கம். மேல்கை ஜிப்பைத் திறந்து, கைப்பகுதியை முழங்கைக்குமேல் மடித்துப் பட்டன் போட்டுக்கொள்ள வசதி வைத்திருக்கிறார்கள், ஓரளவு உதவும். ஸ்காட்லாந்து மேட்டுநிலம், லேக் டிஸ்ட்ரிக்ட், வேல்ஸ் மலைகளில் மலைமீட்புக் குழுக்களும் பறவை பார்ப்பவர்களும் விரும்பி அணிவதற்குக் காரணம் இந்தக் கதகதப்பும், சரசரவென்று சத்தம் போடாத துணியும். அதே ஜாக்கெட்டை ஆடி மாதத்து வால்பாறைக்கோ அகும்பேவுக்கோ கொண்டுபோனால் மழையில் நனையாமல் வியர்வையில் நனையலாம். அங்கே குடையும், சீக்கிரம் காயும் சட்டையும்தான் புத்திசாலித்தனம். கனடாவின் உறைபனிக்கும் இது முதல் தேர்வல்ல. காய்ந்த குளிருக்கு மழைத்துணி எதற்கு?

எடையும் இடமும் மூன்றாவது. பெரும்பாலான மாதிரிகள் அரைக்கிலோவுக்கு மேல், சுருட்டினால் ஒரு சின்னத் தலையணை. பைக்குள் வைத்து, மழை வந்தால் எடுப்பவருக்கானது அல்ல. காலையில் போட்டு மாலையில் கழற்றுபவருக்கானது. பிறகு, என்ன சொன்னாலும் இது பாலியெஸ்டர். சலவைதோறும் நுண்ணிழை உதிரத்தான் செய்யும். இழை பிடிக்கும் வலைப்பையில் போட்டுத் துவைப்பதும், தேவைப்பட்டால் மட்டும் துவைப்பதும் அதைக் குறைக்கும்.

முழு விலை கொடுக்க மனமில்லாதவர்கள் பழையதைத் தேடலாம். மற்ற மழை ஜாக்கெட்டைப் பழையதாக வாங்குவது சூதாட்டம். இதை ஓரளவு துணிந்து வாங்கலாம். 'ஒழுகுகிறது' என்று எழுதி மலிவாக விற்பவரிடம்தான் முதலில் போய் நிற்க வேண்டும்: பாதிப் பேர் வீட்டுச் சலவைப் பவுடரில் துவைத்தவர்களாக இருப்பார்கள். பிரதான ஜிப் இரண்டு பக்கமும் தடங்கலின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். அதை மாற்றுவதுதான் செலவு. உள்துணியைத் தோள் பக்கம் வெளிச்சத்தில் பிடித்து, இழை மொட்டையாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த இழையைப் பூச்சு காப்பாற்றாது. இரண்டும் சரியாக இருந்தால் வாங்கிவந்து, பழைய பவுடர் போகும்வரை டெக் வாஷில் இரண்டு முறை, டிஎக்ஸ் டைரக்டில் ஒரு முறை போட்டுக் காயவைத்து, விரலால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்.