தென்னந்தோப்பு வால்வுக்குக் கம்பியா, ரேடியோவா?

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி பக்கம் தோப்பு வைத்திருக்கிறவர்கள் சந்தித்தால் இப்போது இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. சொட்டு நீர் வால்வுகளை ஆள் போகாமல் திறந்து மூட மண்ணுக்குள் கம்பி இழுக்கலாமா, கம்பியில்லாத ரேடியோ பெட்டி வைக்கலாமா? எங்கள் தோப்பில் ரேடியோதான் வைத்தேன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். அடுத்த வரப்பில் சித்தப்பாவின் தோப்பு; அங்கே கம்பி முறை. இரண்டையும் தினமும் பார்க்கிறேன், இரண்டிலும் கை வைத்து வேலை செய்திருக்கிறேன்.

ஆள் கிடைப்பதில்லை, ராத்திரி டார்ச்சோடு தோப்புக்குள் போவது ஆபத்து என்பதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். கோடையில் ஒரு தென்னைக்குச் சொட்டு நீரில் நாளுக்கு 65 லிட்டர் என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மரத்துக்கு மணிக்கு 8 லிட்டர் விடும் சொட்டுவான் நான்கு வைத்தால், 65 லிட்டர் இறங்க இரண்டு மணி நேரம் வேண்டும். போர்வெல் மணிக்கு 4,500 லிட்டர் கொடுத்தால் ஒரே நேரத்தில் 140 மரம், அதாவது இரண்டு ஏக்கர்தான் தாங்கும். எட்டு ஏக்கரை நான்கு செக்‌ஷனாகப் பிரித்தால் எட்டு மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும், இரண்டு மணிக்கு ஒருமுறை வால்வு மாற்ற வேண்டும். மாலையில் வோல்டேஜ் விழும் ஊரில் இந்த எட்டு மணி நேரத்தைப் பின்னிரவில் தள்ளத்தான் மனது வரும். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்து பழகியவர்களுக்கும் இதே பாடுதான்.

தண்ணீரை அளந்து விட வேண்டிய ஊரும்கூட. 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். அது மூலத்தரை அணைக்கட்டு வழியாகக் கால்வாய்ப் பாசனத்துக்குப் போகிறது. கால்வாய் எட்டாத கிழக்குப் பஞ்சாயத்துகளுக்குப் போர்தான் கதி. நிலத்தடி நீர்க் கணக்கெடுப்பில் சித்தூர் பிளாக் பல ஆண்டுகள் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பட்டியலில் இருந்ததற்கு அதுவே காரணம். தூக்கத்தில் ஒரு செக்‌ஷன் நான்கு மணி நேரம் ஓடிவிட்டால் அது இன்னொரு செக்‌ஷனின் தண்ணீர்.

இனி வால்வு. கம்பியோ ரேடியோவோ, பைப்பில் உட்காரும் சாமான் பெரும்பாலும் ஒன்றுதான்: ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) வைத்த இரண்டு அங்குல, மூன்று அங்குல வால்வு, அதன் தலையில் ஒரு சோலனாய்டு, அதாவது மின்சாரம் பாய்ந்தால் இழுக்கும் காந்தச் சுருள். அந்தச் சின்ன சோலனாய்டு பெரிய வால்வைத் தூக்குவதில்லை. ஊசித் துளை ஒன்றைத் திறந்து மூடுகிறது, மீதி வேலையைத் தண்ணீரின் அழுத்தம் செய்கிறது. ஆகவே அழுத்தம் இல்லாத இடத்தில் இது வேலை செய்யாது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு பார் அழுத்தம். ஐந்து மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு அரை பார்தான் இருக்கும். அதில் பல டயாஃப்ரம் வால்வுகள் முழுதாக மூடாமல் ஒழுகும். தொட்டிப் பாசனக்காரர்கள் மோட்டார் வைத்த பால் வால்வை, அதாவது உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பித் திறக்கும் வகையைத்தான் பார்க்க வேண்டும். நம் போர்த் தண்ணீரின் உப்பும் மணலும் அந்த ஊசித் துளையை அடைக்கும். பில்டரை ஒழுங்காகக் கழுவாதவருக்கு எந்த முறையும் உதவாது.

ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு சிம் போட்டு போனில் இயக்கும் முறையும் விற்கிறார்கள். மோட்டார் ஸ்டார்ட்டருக்கு ஒரு சிம் சரி, நம் பக்கம் பாதித் தோப்புகளில் அது இருக்கிறது. நான்கு வால்வுக்கு நான்கு சிம், நான்கு ரீசார்ஜ் என்பது வேண்டாத பாரம். எல்லையில் போன் ஒரு நிமிடம் கேரள டவரையும் மறு நிமிடம் தமிழ்நாட்டு டவரையும் பிடிப்பதைப் பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

கம்பி முறையின் பலம் எளிமை. பம்ப் ரூமில் ஒரு டைமர் பெட்டி, அதிலிருந்து 24 வோல்ட் ஏசி, வால்வுக்கு ஒரு கம்பி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 12 ஓம் தடை. 300 மீட்டர் தள்ளி இருக்கும் வால்வுக்குப் போகவர 600 மீட்டர், ஏழு ஓம் சொச்சம். திறக்கும் நொடியில் 0.4 ஆம்பியர் இழுத்தாலும் மூன்று வோல்ட்தான் குறையும், வால்வு திறந்துவிடும். பாட்டரி கிடையாது, ஆப் கிடையாது, விற்ற கம்பெனி நாளைக்கு மூடினாலும் கவலை கிடையாது. கரண்ட் போனால் வால்வு தானாக மூடிக்கொள்ளும். இந்தக் கடைசிக் குணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ரேடியோவில் அது இல்லை.

ரேடியோ முறையில் ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் பாட்டரியில் ஓடும் ஒரு பெட்டி, கம்பத்தில் நிற்கும். சோலனாய்டும் வேறு வகை, லாட்சிங் என்பார்கள். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஒரு மின் துடிப்பு கொடுத்தால் திறக்கும், உள்ளே இருக்கும் காந்தம் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். துருவம் மாற்றி இன்னொரு துடிப்பு கொடுத்தால் மூடும். இடையில் இரண்டு மணி நேரம் திறந்திருந்தாலும் மின்சாரம் செலவாகாது. அதனால்தான் சின்ன பாட்டரியில் ஓட முடிகிறது. செய்தி போவது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். இந்தியாவில் அதற்கு லைசென்ஸ் வேண்டாம். பம்ப் ரூம் மேல் ஓர் ஆண்டெனா இருந்தால் எட்டு ஏக்கர் தோப்பு அதற்குப் பெரிய தூரமே அல்ல. வளர்ந்த தோப்பில் கொண்டைகள் உயரத்தில் இருப்பதால் அடிமரங்களுக்கு நடுவே அலை நன்றாகப் போகிறது. ஓலை தரையோடு கிடக்கும் இளங்கன்றுத் தோட்டத்தில் ஆண்டெனாவை இன்னும் உயர்த்த வேண்டியிருக்கும். ஐப்பசி மழையில் ஓலையெல்லாம் நனைந்திருக்கும்போது சிக்னல் எண் இறங்குவதைப் பார்க்கிறேன், ஆனால் துண்டிக்கும் அளவுக்கு இல்லை.

செலவைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். கம்பியின் செலவு தூரத்தோடு ஏறும், ரேடியோவின் செலவு வால்வின் எண்ணிக்கையோடு ஏறும். மானியம் வேறு கதை. 2015இல் பிரதமர் பாசனத் திட்டத்தோடு வந்த சொட்டு நீர் மானியத்தில் சிறு, குறு விவசாயிக்கு 55 சதவீதம், மற்றவர்களுக்கு 45. தமிழ்நாடு தன் பங்கைச் சேர்த்து 100, 75 என்று கொடுக்கிறது. எல்லையில் உட்கார்ந்துகொண்டு அதை ஏக்கத்தோடு பார்க்கத்தான் நமக்கு முடியும். தானியங்கிச் சாமான் எதெல்லாம் பட்டியலில் சேரும் என்று கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

நான் ரேடியோவுக்குப் போனது விலைக்காக அல்ல, வசதிக்காகவும் அல்ல. பழுது வந்தால் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். எனக்கு அதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது.

சித்தப்பா தோப்பில் கம்பி போட்டபோது நன்றாகத்தான் போட்டார்கள். முதல் கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. அடுத்து ஊடுபயிருக்காக மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் விட்டதும் மூன்றாவது செக்‌ஷன் திறக்கவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பம்ப் ரூமில் மல்டிமீட்டர் வைத்தார். நல்ல சோலனாய்டு என்றால் சில பத்து ஓம் காட்டும். அது ஒன்றுமே காட்டவில்லை. “கம்பி அறுந்திருக்குங்க. எங்கேன்னு மீட்டர் சொல்லாது, தோண்டித்தான் பார்க்கோணும்” என்றார். 250 மீட்டர் கம்பி. ரோட்டவேட்டர் போன தடத்தில் தோண்டி ஓரிடத்தில் கண்டுபிடித்துச் சேர்த்தோம். மறுபடியும் திறக்கவில்லை, இன்னோர் இடத்திலும் அறுந்திருந்தது. பெருச்சாளி கடித்தது, காட்டுப்பன்றி கிளறியது, உரக்குழி எடுத்தவரின் கடப்பாரை பட்டது எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஒவ்வொன்றும் இதே தேடல்தான்.

அறுந்த கம்பியாவது ஒருநாள் கிடைத்துவிடும். அரைகுறைப் பழுது அதைவிட மோசம். மண்ணுக்குள் டேப் சுற்றிய இணைப்பில் ஈரம் ஏறி, செம்பு பச்சை பூத்து, தடை மெல்ல மெல்லக் கூடும். காலையில் திறக்கும், மதியம் திறக்காது. மழைக்காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் வேறு மாதிரி. ஜெல் நிரப்பிய இணைப்பான் போட்டால் இது வெகுவாகக் குறையும். கம்பி போடுகிறவர்கள் அதற்காகும் காசைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்க வேண்டாம். பொதுக் கம்பி அறுந்தாலோ, அதற்கு அப்பால் உள்ள எல்லா வால்வும் ஒன்றாகப் படுத்துவிடும். இடி வேறு. துலா மாதத்துச் சாயங்காலங்களில் நம் பக்கம் விழும் இடி எல்லோருக்கும் தெரியும். மண்ணில் நூற்றுக்கணக்கான மீட்டர் செம்பு கிடந்தால், பக்கத்தில் எங்கோ விழுந்த இடியின் வேகம்கூட அதில் ஏறி டைமர் பெட்டிக்கு வந்து சேரும். நல்ல எர்த்தும், இப்படி ஏறும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரும் இல்லாமல் கம்பி முறை வேண்டவே வேண்டாம்.

ரேடியோவில் பழுது அந்தந்தக் கம்பத்தோடு நிற்கிறது. இரண்டாம் எண் பெட்டி பேசவில்லை என்றால் இரண்டாம் எண்ணிடம் போனால் போதும். பாட்டரியா, பெட்டியா, சோலனாய்டா, துளை அடைப்பா என்ற நான்கு கேள்விதான். நல்ல பெட்டி ஒன்றைக் கழற்றி அங்கே மாட்டிப் பார்த்தால் கால் மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். மற்ற மூன்று செக்‌ஷனும் அதுவரை ஓடிக்கொண்டிருக்கும். மண்ணைத் தொட வேண்டியதில்லை, ரோட்டவேட்டரைத் தடுக்க வேண்டியதில்லை. கையிருப்பில் ஒரு பெட்டியும் ஒரு சோலனாய்டும் வைத்திருக்கிறேன். என் மனைவியே மாட்டிவிடுகிறாள், எலக்ட்ரீஷியனுக்குக் காத்திருப்பதில்லை. கோடை நடுவில், காய் பிடிக்கிற நேரத்தில், பழுது தேடும் நாள்கள் மிச்சமாவது எனக்கு மற்ற எல்லா ஆதாயத்தையும்விடப் பெரிது. கள் இறக்கும் மரங்கள் உள்ளவர்களுக்கு அது இன்னும் அதிகமாகப் புரியும்.

ஆனால் ரேடியோவின் ஆபத்துகளைச் சொல்லாமல் விட்டால் நான் ஏமாற்றியதாகும். பாட்டரி செத்தால் லாட்சிங் வால்வு எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் நின்றுவிடும், திறந்திருந்தால் திறந்தபடியே. இரண்டாவது, பெட்டி “செய்தி வந்தது” என்று பதில் சொல்வதும் வால்வு உண்மையில் திறப்பதும் ஒன்றல்ல. துளை அடைத்திருந்தால் பதில் வரும், தண்ணீர் வராது. மோட்டார் மூடிய பைப்பில் முட்டிக்கொண்டிருக்கும், பலவீனமான இணைப்பு வெடிக்கும். அதனால் மெயின் பைப்பில் ஒரு பிரஷர் சென்சாரும் அழுத்தம் விடும் வால்வும் வைத்து, அழுத்தம் மீறினால் மோட்டாரை நிறுத்தும்படி ஸ்டார்ட்டரோடு இணைத்திருக்கிறேன். இதற்காகும் செலவை ரேடியோவின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். அடுத்த வால்வு திறந்து சிறிது நேரம் கழித்தே முந்தையதை மூடும்படி வரிசை அமைக்க வேண்டும் என்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

பாட்டரிப் பெட்டிகள் பலவும் எந்நேரமும் காது கொடுத்துக்கொண்டிருப்பதில்லை. தூங்கி, சில நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, தன் நிலையை அனுப்பி, உடனே ஒரு கணம் மட்டும் கேட்கும். போனில் அமுக்கியதும் திறக்கவில்லை என்று சிலர் அலுத்துக்கொள்வது இதனால்தான். தண்ணீர் முறையை வால்வுப் பெட்டியிலேயே எழுதி வைக்கும் வகையாக வாங்கினால் இந்தத் தாமதம் பொருட்டில்லை. நடுவில் செய்தி தவறினாலும் முறை தவறாது.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். தேங்காயும் காய்ந்த மட்டையும் விழும் எல்லைக்கு வெளியே, இரு வரிசைக்கு நடுவில் வையுங்கள். அங்கேதான் சோலார் தகட்டுக்குக் கொஞ்சம் வெயிலும் கிடைக்கும். முழு நிழலில் சோலார் வகையை வாங்குவது வீண், மாற்றிப் போடும் லித்தியம் பாட்டரி வகை மேல். அந்த பாட்டரி பல வருடம் வரும் என்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள். என் பெட்டிகள் அத்தனை வயதை இன்னும் எட்டவில்லை, அதனால் அந்தச் சொல்லுக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். நான் கோடை தொடங்கும் முன் மாற்றிவிடுகிறேன். மேடு பள்ளமான பெரிய எஸ்டேட்டுகளில் ரேடியோ எப்படி ஓடுகிறது என்பதிலும் என் அனுபவம் சமதளத் தோப்போடு நின்றுவிடுகிறது.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். விற்கிறவரை நிற்க வைத்துக்கொண்டு இன்டர்நெட்டை அணைத்துவிட்டு, குறித்த நேரத்துக்கு வால்வு திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் உங்கள் தோப்பின் தண்ணீர் யாரோ ஒருவருடைய சர்வரில் இருக்கிறது என்று பொருள், அதை வாங்காதீர்கள். சோலனாய்டைக் கையால் திருப்பித் திறக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். கையால் திருகும் பழைய கேட் வால்வுகளைக் கழற்றி விற்றுவிட வேண்டாம், வரிசையில் அப்படியே இருக்கட்டும்.

வால்வுகள் எல்லாம் பம்ப் ரூமுக்கு நூறு மீட்டருக்குள்ளேயே இருந்தால், உழவே ஓட்டாத தோப்பாக இருந்தால், கம்பியைக் குழாய்க்குள் விட்டுப் புதைக்க மனமிருந்தால், கம்பியே போடுங்கள். அப்படிப்பட்ட நண்பர் ஒருவர் ஒழலப்பதியில் இருக்கிறார், அவரிடம் ரேடியோவை நானே பரிந்துரைக்கவில்லை. தோப்பு இரண்டு மூன்று துண்டாகக் கிடந்து, நடுவில் அடுத்தவர் நிலமோ பஞ்சாயத்து ரோடோ குறுக்கிட்டால், கம்பியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.