அறுபது மாதம் கட்டி முடித்த அஞ்சலக ஆர்.டி.: ஒரு குடும்பத்தின் மதிப்பீடு

தெருவில் நடந்த சீட்டு ஒன்று ஏழாவது மாதத்தோடு நின்றுபோய், நாங்கள் கட்டியிருந்த 14,000 ரூபாயும் கைவிட்டுப் போனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சேமிப்பை எங்கே வைப்பது என்று நெடுநாள் யோசித்து, 2020 ஜூன் மாதக் கடைசியில் அஞ்சலகத்தில் மாதம் 2,000 ரூபாய்க்கு ஆர்.டி. எனப்படும் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினேன். 2025 ஜூனில் கணக்கு முதிர்ந்தபோது, கட்டிய 1,20,000 ரூபாய் 1,39,393 ரூபாயாகக் கைக்கு வந்து, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பயன்பட்டது.

மாதக் கடைசியில் தொடங்கியது தற்செயல் அன்று. மாதத்தின் முதல் 15 நாள்களுக்குள் கணக்கு தொடங்குபவர் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் தவணையைக் கட்ட வேண்டும். 15ஆம் தேதிக்குப் பிறகு தொடங்குபவருக்கு மாதத்தின் கடைசி வேலைநாள் வரை அவகாசம் உண்டு. கரூரில் ஜவுளி வேலைக்குச் செல்லும் என் கணவருக்குச் சனிக்கிழமைதோறும் வாரக்கூலி வருவதால், சம்பளம் வந்த இரவே 500 ரூபாயை அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிடுவேன். நான்கு சனிக்கிழமைகளில் தவணை சேர்ந்துவிடும். ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்களில் மிஞ்சும் 500 ரூபாய் டப்பாவிலேயே தங்கி, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு தவணைக்கான பணமாக நின்றது. வேலை இல்லாத வாரங்களில் தவணை தவறாமல் காத்தது அந்தப் பணம்தான். மாதச் சம்பளக்காரர்கள் முதல் பாதியில் தொடங்குவதே அவர்களுக்கு ஏற்றது.

தவணை தவறினால் 100 ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். நான்கு முறை தவறினால் கணக்கு நின்றுவிடும் என்றாலும், அதன் பிறகு இரண்டு மாதங்களுக்குள் நிலுவையைக் கட்டி அதை மீட்டுக்கொள்ளலாம். மாறாக, முன்கூட்டியே கட்டுபவருக்குத் தள்ளுபடி கிடைக்கிறது: ஆறு தவணைகளைச் சேர்த்துக் கட்டினால் மாதம் 100 ரூபாய் கட்டும் கணக்குக்கு 10 ரூபாய், பன்னிரண்டு தவணைகளுக்கு 40 ரூபாய். ஒரு தீபாவளிக்கு வந்த போனஸில் ஆறு மாதத் தவணையைக் கட்டி, 200 ரூபாய் தள்ளுபடி பெற்றேன். போனஸ் பணம் வீட்டில் இருந்தால் கரைந்துவிடும் என்று அஞ்சும் குடும்பங்களுக்கு இது உண்மையிலேயே நல்ல வழி.

வட்டி விகிதத்தை அரசு ஒவ்வொரு காலாண்டிலும் அறிவித்தாலும், கணக்கு தொடங்கிய நாளின் விகிதமே ஐந்தாண்டுக்கும் தொடரும். எனக்குக் கிடைத்தது 5.8 சதவீதம், 2023 அக்டோபரில் 6.7 ஆக உயர்ந்தபோது என் கணக்கு பழைய விகிதத்திலேயே நின்றது. விகிதம் இறங்கும் காலத்தில் இதே விதி நமக்குப் பாதுகாப்பாகும் என்பதால் இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் முன்கூட்டியே முடிப்பதற்கான விதி கடுமையானது. மூன்று ஆண்டுக்குப் பிறகே கணக்கை முடிக்க முடியும். அப்போதும், முதிர்வுக்கு ஒரு நாள் முன்பாக முடித்தாலும்கூட, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டியே கிடைக்கும். 6.7 சதவீதத்தில் மாதம் 1,000 ரூபாய் கட்டும் ஒருவர் 59ஆம் மாதத்தில் முடித்தால், சுமார் 11,000 ரூபாய் வட்டிக்குப் பதிலாக ஏறத்தாழ 6,000 ரூபாயோடு எழுந்துவர நேரிடும். நாள் தெரிந்த செலவுக்கே இது உகந்த சேமிப்பு. மருத்துவச் செலவுக்கென்று வைக்கும் பணத்தை இதில் போடக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

அவசரம் வந்தால் கணக்கை முடிப்பதைவிடக் கடன் வாங்குவது மேல். பன்னிரண்டு தவணை கட்டி ஓராண்டு ஆன கணக்கில், இருப்பில் பாதி வரை, கணக்கின் வட்டியைவிட 2 சதவீதம் கூடுதலான வட்டிக்குக் கடன் தருகிறார்கள். 2022இல் மாமியாரின் கண் அறுவை சிகிச்சைக்கு 7.8 சதவீத வட்டியில் 20,000 ரூபாய் எடுத்ததால், என் வளையல்கள் அடகுக் கடைக்குப் போகவில்லை.

முகவர் மூலம் கட்டுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. முகவருக்கான கமிஷனை அரசே தருகிறது. நாம் தனியாக எதுவும் தர வேண்டியதில்லை. தவணை வாங்கும்போது முகவர் அட்டையில் இடும் கையெழுத்தோடு நின்றுவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பாஸ்புக்கை நேரில் கொண்டுபோய்ப் பதிவைச் சரிபார்ப்பது நல்லது. வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதையும் வரி கட்டும் வீட்டார் கணக்கில் கொள்ள வேண்டும்.

முதிர்ந்த வாரமே மீண்டும் சேர்ந்தேன். இம்முறை மாதம் 3,000 ரூபாயை ஒரே கணக்கில் போடாமல், 1,500 ரூபாய் வீதம் இரண்டு கணக்குகளாகப் பிரித்திருக்கிறேன். ஒன்றை இடையில் முடிக்க நேர்ந்தாலும், மற்றொன்று 2030 ஜூனில் 1,07,049 ரூபாயாக முழுமையாகக் கைக்கு வரும்.