எல்விஎம்முடன் ஏழு வருடம்: குரூப்பில் காலி இடம் விட்டு வையுங்கள்

டெபியன் லினக்ஸை நிறுவும்போது பார்ட்டிஷனை எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து, பிறகு மாற்றியமைக்க உதவும் லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்) முறையில் போடட்டுமா என்று இன்ஸ்டாலர் கேட்கும். ஏழு வருடத்துக்கு முன் எங்கள் அலுவலக சர்வரில் ‘சரி’ என்று கொடுத்தேன். அன்றிலிருந்து எல்லாமே டெர்மினலில் கட்டளை அடித்துத்தான்.

டிஸ்க் எல்லாவற்றையும் வால்யூம் குரூப் என்ற ஒரே தொகுப்பில் போட்டுவிட்டு, வேண்டிய அளவுக்கு லாஜிக்கல் வால்யூமாக (பார்ட்டிஷன் போலப் பயன்படும் பகுதியாக) வெட்டி எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு வால்யூமும் சிறு துண்டுகளால் ஆனது; ஒரு துண்டு வழக்கமாக 4 எம்பி. துண்டுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை என்பதால், ஒரு வால்யூமை எப்போது வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். லாக் நிரம்பி டேட்டாபேஸ் திணறிய ஒரு மதியம், எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையில் 20 ஜிபி கூட்டிக் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, யாரும் லாக்-அவுட் ஆகவும் இல்லை. கூடவே ‘மைனஸ் ஆர்’ போட மறக்காதீர்கள். அதை விட்டால் வால்யூம் மட்டும் வளரும், அதற்குள் கோப்புகளை வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டம் பழைய அளவிலேயே நிற்கும்.

கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்குவதுதான் பெரும்பாடு. ஃபைல் சிஸ்டம் ஈஎக்ஸ்டி4 வகை என்றால் அன்மவுண்ட் செய்துதான் (பயன்பாட்டிலிருந்து கழற்றித்தான்) சுருக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் பேக்கப் எடுத்து, அழித்து, புதிதாக உருவாக்குவதே வழி. எல்விரெட்யூஸ் கட்டளையில் அளவுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி விட்டுப்போனால், ‘10 ஜிபி குறை’ என்பது ‘10 ஜிபிக்குக் குறை’ என்று ஆகிவிடும். அதனால் தொடக்கத்திலேயே முழு இடத்தையும் பங்கு போட்டுவிடாதீர்கள். நான் எப்போதும் ஐந்தில் ஒரு பங்கை யாருக்கும் கொடுக்காமல் குரூப்பிலேயே வைத்திருக்கிறேன்.

ஒரு வால்யூமின் அந்த நேரத்து நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் அந்த இடம்தான் வேண்டும். மூன்றாம் வருடம் டேட்டாபேஸ் அப்கிரேடுக்கு முன் 5 ஜிபியில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன். அசல் வால்யூமில் ஒரு பகுதி முதல்முறை மாறும்போது அதன் பழைய பிரதி ஸ்னாப்ஷாட்டுக்குள் போய்ச் சேரும். அப்கிரேடு எல்லா டேபிளையும் திருப்பி எழுதியதில் 5 ஜிபி பாதி வழியிலேயே தீர்ந்துபோனது. அப்கிரேடு தோற்றது. திரும்பிப் போகலாம் என்று, வால்யூம்களைப் பட்டியலிடும் எல்விஎஸ் அடித்தால், ஸ்னாப்ஷாட் செல்லாது என்பதைக் காட்டும் பெரிய ‘ஐ’ எழுத்து நிற்கிறது. முந்தைய இரவின் டம்பிலிருந்து (டேட்டாபேஸ் பேக்கப்பிலிருந்து) மீட்டு முடிக்க நான்கு மணி நேரம் பிடித்தது. ஸ்னாப்ஷாட்டைத் தானாக வளரவைக்கும் வசதி உண்டு. ஆனால் எத்தனை சதவீதம் நிரம்பினால் வளர வேண்டும் என்ற வரம்பு இயல்பாக 100 என்று இருக்கும், அதாவது அணைத்து வைத்திருக்கிறார்கள். அதே வாரம் எல்விஎம் கான்ஃபிக் கோப்பில் 70 என்று மாற்றினேன்.

இந்த ஏழு வருடத்தில் என் மனதைப் பிடித்தது, சர்வர் ஓடும்போதே ஒரு டிஸ்கில் இருப்பதை இன்னொன்றுக்கு நகர்த்தும் பிவிமூவ் கட்டளை. பழைய டிஸ்கில் கெட்ட செக்டர் எண்ணிக்கை ஏறத் தொடங்கியதும், இரண்டு புது டிஸ்குகளை ரெய்டு 1-ஆக (இரண்டிலும் ஒரே தரவு இருக்கும்படி) கட்டிக் குரூப்பில் சேர்த்தேன். சாயங்காலம் பிவிமூவைத் தொடங்கினேன். 15 நொடிக்கு ஒருமுறை சதவீதம் ஏறுகிறது, அந்தப் பக்கம் ஆட்கள் அதே டிஸ்கில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். 61-இல் கரண்ட் போய் சர்வர் அணைந்தபோது வயிற்றைக் கலக்கியது. சர்வர் எழுந்ததும் டிஸ்க் பெயர் எதுவும் கொடுக்காமல் வெறும் பிவிமூவ் அடித்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

எல்விஎம் மட்டும் இருந்தால் தரவுக்குப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வால்யூம் இரண்டு டிஸ்கில் பரவியிருந்து ஒன்று செத்தால் அந்த வால்யூமே போச்சு. அடியில் ரெய்டு, வெளியே தனி பேக்கப் இரண்டும் வேண்டும். இன்று விஜிஎஸ் அடித்தால் எங்கள் குரூப்பில் 780 ஜிபி காலி என்று காட்டுகிறது.