வாளை ஏந்தலாமா? சாட்லரும் ஹூப்மாயரும்

கிறிஸ்தவர் அரசுப் பதவி ஏற்கலாமா? குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்து, விசுவாசித்தவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுத்த சீர்திருத்தக் குழுவினர் அனபாப்டிஸ்டுகள். 1527இல் அவர்களே இதில் பிரிந்து நின்றார்கள்.

சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைம் ஊரில் கூடியவர்கள் கூடாது என்றார்கள். வாள், அதாவது தண்டிக்கும் அரசு அதிகாரம், கடவுள் ஏற்படுத்தியதுதான், ஆனால் கிறிஸ்துவின் பூரணத்துக்கு வெளியே உள்ளது. சபை தவறினவரை விலக்கலாம், தண்டிக்க முடியாது. நீதிபதி இருக்கையும் சத்தியப்பிரமாணமும் வேண்டாம். அந்த ஏழு தீர்மானங்களை வகுத்த மிக்கேல் சாட்லர், துருக்கியர் படையெடுத்தாலும் எதிர்க்கக் கூடாது என்று தம் விசாரணையிலேயே சொன்னார்.

மொராவியாவின் நிக்கோல்ஸ்பர்க் நகரில் இன்னொரு அனபாப்டிஸ்டுத் தலைவரான பால்தசார் ஹூப்மாயர் இந்தக் கருத்தை மறுத்து எழுதினார்: அப்பாவிகளைக் காக்க நேர்மையான கிறிஸ்தவரே நல்ல அதிகாரி. எளியவர் நசுக்கப்படும்போது இந்த வாதம் என்னை அசைக்கிறது. ஆனாலும் என் மனம் சாட்லர் பக்கமே. பகைவரை நேசிக்கச் சொன்ன கட்டளைக்கு அவர் விதிவிலக்கே வைக்கவில்லை.

ஆட்சியாளர்கள் இருவரையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. சாட்லரை 1527 மே மாதம் ரோட்டன்பர்க்கிலும், ஹூப்மாயரை 1528 மார்ச்சில் வியன்னாவிலும் எரித்தார்கள். இருவரின் மனைவியரையும் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள்.