எழுதுகிறவருக்கு எந்தக் கணக்கு வேலை தோது?

வேலையை விட்டுவிட்டு எழுதலாமா, வேலையோடு எழுதலாமா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நிதித்துறையில் இருப்பவர் அதற்கு முன் எந்த வேலை என்று பார்க்க வேண்டும். வங்கிக் கிளை, ஆடிட் ஆபீஸ், கம்பெனி அக்கவுன்ட்ஸ், பங்குச் சந்தை எல்லாமே வெளியாருக்கு 'கணக்கு வேலை'தான். எழுத உட்காருகிறவருக்கோ நாலும் நாலு விதம்.

ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1907இல் பிராகில் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். நீண்ட வேலை நேரம். ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 1908இல் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மாறினார். அங்கே மதியம் இரண்டு மணியோடு வேலை முடிந்துவிடும். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, ராத்திரியில் எழுதினார். வேலையைப் பற்றிய புலம்பல் நிற்கவில்லை, ஆனால் எழுத்து நடந்தது. இரண்டும் காப்பீட்டு வேலைதான்!

முதலில் வங்கிக் கிளை. சிறுகதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நகைக்கடன் தவணை தாண்டி ஏல நோட்டீஸோடு வந்து நிற்பவர், நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வரும் ஓய்வூதியதாரர், மகனின் கல்விக்கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தவிக்கும் அப்பா என்று ஊரே கவுன்டருக்கு வரும். வண்ணதாசன் ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார். சிக்கல் புரொமோஷனில் இருக்கிறது. கிளர்க்காக இருக்கும்வரை மாலை ஓரளவு உங்களுடையது. மேனேஜர் ஆனதும் டார்கெட், வசூல், ட்ரான்ஸ்ஃபர், ஞாயிற்றுக்கிழமை போன். எழுத்துக்காகப் புரொமோஷன் வேண்டாம் என்பவர்களைப் பிழைக்கத் தெரியாதவர்கள் என்பார்கள். என் கணக்கில் அவர்கள் விவரமானவர்கள்.

கிளையில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வாடிக்கையாளரின் கணக்கு விவரம் ரகசியம். ஊரையும் தொழிலையும் மாற்றினால் மட்டும் போதாது. கதையைப் படிக்கிற அவருடைய மைத்துனருக்கே அடையாளம் தெரியாதபடி எழுத வேண்டும். சில நல்ல கதைகள் அதனாலேயே எழுதப்படாமல் போகும்.

ஆடிட் ஆபீஸ் நேர்மாறு. கதைமாந்தர்கள் குறைவு, வவுச்சர்கள் அதிகம். ஆனால் வருஷம் எப்படிப் போகும் என்று முன்கூட்டியே தெரியும். ஏப்ரலில் வங்கிக் கிளைத் தணிக்கை, ஜூலை 31க்கு வருமான வரி ரிட்டர்ன், செப்டம்பர் 30க்கு வரித் தணிக்கை அறிக்கை, அக்டோபர் 31க்குத் தணிக்கைக்கு உட்பட்டவர்களின் ரிட்டர்ன். அரசு கெடுவை நீட்டித்தால் நெருக்கடியும் சேர்ந்து நீளும். இதெல்லாம் போக மே, ஜூனிலும் ஜனவரி, பிப்ரவரியிலும் மூச்சு விடலாம். நடுவில் மாதந்தோறும் ஜிஎஸ்டி வரும், அதைச் சமாளித்துவிடலாம். நாவலுக்குத் தினம் ஒரு மணி நேரத்தைவிட, தொடர்ந்து சில வாரங்கள் கிடைப்பது முக்கியம். அதைத் தருவது இந்த வேலைதான். ஒரே ஒரு வயிற்றெரிச்சல்: ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்குப் புத்தகம் வர வேண்டுமென்றால் திருத்தமெல்லாம் அக்டோபர், நவம்பரில் முடிய வேண்டும். ஆடிட்டருக்கு அப்போதுதான் தலைக்கு மேல் வேலை.

கம்பெனி அக்கவுன்ட்ஸில் மாதத்தின் முதல் வாரம் குளோசிங்கில், அதாவது போன மாதக் கணக்கை முடிப்பதில், போய்விடும். மற்ற வாரங்கள் பரவாயில்லை. சம்பளமும் பெரும்பாலும் கூடுதல். ஆனால் நாள் முழுக்க எக்செல்லும் ஆங்கில மெயிலுமாக இருந்துவிட்டு ராத்திரி தமிழ் வாக்கியத்துக்குள் நுழையவே அரைமணி ஆகும். இது கவிதைக்கு ஒத்துவரும் என்பேன். அமெரிக்காவில் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் 1934இல் துணைத் தலைவர் ஆனவர். அலுவலகத்துக்கு நடந்து போகும் வழியிலேயே வரிகளைக் கட்டிக்கொள்வார். நாவலை அப்படி நடந்துகொண்டே எழுத முடியாது.

பங்குச் சந்தை 9:15க்குத் திறந்து 3:30க்கு மூடுவதால் காஃப்காவின் நேரம் மாதிரித் தெரியும். ஏமாற வேண்டாம். சந்தை மூடினாலும் மண்டை மூடாது.

அப்புறம், 'ரிட்டயர் ஆன பிறகு எழுதிக்கொள்ளலாம்' என்ற வழி. இதற்கு அ. முத்துலிங்கத்தைக் காட்டுவார்கள். இலங்கையில் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் ஆனவர், ஆப்பிரிக்கா, ஐ.நா. என்று நாடு நாடாக வேலை பார்த்தவர். முதல் தொகுப்பு 1964இல், அடுத்தது 1995இல். முப்பது வருஷம் கழித்தும் கை திரும்பியது உண்மைதான். ஆனால் அவர் ஒரு தொகுப்பைப் போட்டுவிட்டுத்தான் இடைவெளி விட்டார். ஒன்றுமே எழுதாமல் ஓய்வூதியத்துக்குக் காத்திருப்பவருக்கு அவர் உதாரணம் ஆகமாட்டார்.

வேலையை விட்டுவிடுவது கடைசி வழி. ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட் 1917இலிருந்து லண்டனில் லாய்ட்ஸ் வங்கியில் இருந்தார். 1921இல் நரம்புத் தளர்ச்சி வந்தபோது வங்கி மூன்று மாதம் விடுப்புக் கொடுத்தது. அவருடைய பேர் சொல்லும் நெடுங்கவிதை 'தி வேஸ்ட் லேண்ட்' அந்த விடுப்பில்தான் உருப்பெற்றது. அடுத்த வருஷம் கவிஞர் எஸ்ரா பவுண்டும் நண்பர்களும் பணம் திரட்டி அவரை வங்கியிலிருந்து மீட்கப் பார்த்தார்கள். நன்கொடையை நம்பி நிரந்தரச் சம்பளத்தை விட அவர் தயாராக இல்லை. 1925இல்தான் விலகினார், அதுவும் ஒரு பதிப்பகத்தில் சம்பள வேலை கிடைத்த பிறகு.