பொன்னியின் செல்வன்: முதல் பாகம் முடித்தாயிற்று, தொடரலாமா?

படம் இரண்டு பாகமாக வந்ததிலிருந்து (2022, 2023) பினாங்கில் எனக்குத் தெரிந்த நிறைய பேர் கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் முதல் பாகமான ‘புது வெள்ளம்’ வாங்கினார்கள். அதில் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். “அக்கா, ரெண்டாம் பாகம் வாங்கலாமா, வேணாமா?” என்று கேட்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்வதைவிட, ஐந்து பாகத்தையும் படித்து, சிலவற்றைத் திரும்பவும் படித்தவள் என்ற முறையில் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதல் பாகத்தைத் தனி நாவலாக வைத்து மார்க் போடாதீர்கள். இது கல்கி பத்திரிகையில் 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் வந்த தொடர்கதை. 57 அத்தியாயம் படித்த பிறகும் எதுவுமே முடிந்திருக்காது. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடிப் பேசிய சதி அப்படியே நிற்கும், நந்தினி யார் என்று தெரியாது, கதைக்கே பெயர் தந்த அருள்மொழிவர்மரை (பின்னாளில் ராஜராஜ சோழன்) பற்றி ஊரே பேசுமே தவிர ஆளை நேரில் பார்க்க இரண்டாம் பாகத்தில் இலங்கைக்குப் போக வேண்டும். “இவ்வளவு படிச்சும் ஒண்ணுமே முடியலையே” என்று சலித்துக்கொள்கிறவர்களின் கோபம் நியாயமானதுதான், ஆனால் அதை வைத்து முடிவெடுத்தால் நல்ல விஷயம் கைநழுவிப் போகும்.

சரி, எதை வைத்து முடிவெடுப்பது? குடந்தை சோதிடர் வரும் பகுதியை மறுபடி எடுத்துப் படியுங்கள். உள்ளே அருள்மொழிவர்மரின் அக்கா குந்தவையும் அவள் தோழி வானதியும் ஜோசியம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, தடுத்த சீடனைத் தள்ளிக்கொண்டு கதாநாயகன் வந்தியத்தேவன் நுழைகிறான். அப்புறம் அவன் ஒவ்வொரு பெரிய மனிதரின் பெயராகச் சொல்லிக் கேட்க, அருள்மொழிவர்மர் பெயர் வந்ததும் சோதிடர் வடதிசையில் அசையாமல் நிற்கும் துருவ நட்சத்திரத்தைக் காட்டிப் பேசுகிறார். இதில் சண்டை இல்லை, பெரிய திருப்பமும் இல்லை. பேச்சு, குறும்பு, கூடவே ஒரு எதிர்பார்ப்பு. இந்தப் பகுதியைப் படிக்கும்போது உங்கள் முகத்தில் தானாகச் சிரிப்பு வந்திருந்தால் தயங்காமல் தொடருங்கள், ஏனென்றால் மீதி நான்கு பாகத்திலும் நமக்குக் கிடைப்பது இந்தக் குரல்தான். வைணவன் ஆழ்வார்க்கடியான் ஏரிக்கரையில் தடியோடு நின்று சைவர்களிடம் வம்புக்குப் போகும் இடமும் அப்படியே. அதை “எப்படா கதைக்கு வருவார்” என்று பக்கம் தள்ளியிருந்தால், மூன்றாம் பாகம் உங்களுக்கு நிச்சயம் கஷ்டமாக இருக்கும்.

நான் பட்டர்வொர்த்தில் இருந்து தீவுக்கு வேலைக்குப் போகிறவள். ஃபெர்ரி அக்கரை சேர்வதற்குள் ஒரு அத்தியாயம் முடிந்துவிடும், சில நாள் இரண்டு. வாரத்துக்கு இவ்வளவு என்று எழுதப்பட்டதால் ஒவ்வொரு அத்தியாயமும் எங்காவது கொக்கி போட்டுத்தான் நிற்கும், இறங்கி நடக்கும்போதும் மனசு அதிலேயே இருக்கும். ஒரே மூச்சில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு இதே கொக்கிகள் எரிச்சலூட்டலாம். தினம் கொஞ்சமாகப் படியுங்கள், அதுதான் இந்தக் கதைக்குப் பொருத்தம்.

இரண்டாம் பாகமான ‘சுழற்காற்று’ எனக்கு ஐந்திலும் மிகப் பிடித்தது. பூங்குழலியின் படகு, இலங்கைக் காடு, எரியும் கப்பல், புயல் என்று கதை ஓட்டமெடுக்கும். அதனால் முதல் பாகத்தில் சந்தேகமாக இருப்பவர்கள் இரண்டாம் பாகம் வரைக்குமாவது வாருங்கள் என்பேன். அதுவும் பிடிக்கவில்லை என்றால் மனசாரவே விட்டுவிடலாம்.

மூன்றாவது ‘கொலை வாள்’ நிதானமாகப் போகும். ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு தனி ருசி உண்டு. காய்ச்சலில் கிடக்கும் அருள்மொழிவர்மரை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த விகாரம் ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் எழுப்பியது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானமாகக் கொடுத்த செய்தி செப்பேட்டிலேயே இருக்கிறது. கல்கி தன் கதைக்காக அதைக் கொஞ்சம் முன்கூட்டியே கட்டிவிட்டார், அவ்வளவுதான். கடாரம் என்றால் நமக்குக் கெடா, இங்கிருந்து காரில் போகும் தூரம். பூஜாங் பள்ளத்தாக்கில் புக்கிட் பத்து பஹாட் கோயில் அடித்தளத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்து அந்த அத்தியாயங்களைப் படித்தபோது, இந்தக் கதை எங்கோ தமிழ்நாட்டில் நடப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. இதே அருள்மொழிவர்மரின் மகன் ராஜேந்திரன்தான் 1025-இல் கடாரத்தின்மேல் படையெடுத்தவர் என்பதையும் நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

படம் பார்த்தாயிற்றே, இனி எதற்கு என்பவர்களுக்கு ஒரே பதில், மணிமேகலை. படத்தில் அவள் கிடையாது. நான்காம் பாகமான ‘மணிமகுட’த்தைத் தூக்கி நிறுத்துவதே கடம்பூர் மாளிகையின் அந்தப் பெண்தான், ஐந்தாம் பாகத்தில் நான் அழுததும் அவளுக்காகத்தான்.

ஐந்தாவது ‘தியாகச் சிகரம்’ 91 அத்தியாயம், முதல் பாகத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். நடுவில் இழுக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கதையின் மிகப் பெரிய கேள்விக்கு அடித்துச் சொல்லும் விடையும் கிடைக்காது. வாசகர்கள் அப்போதே “அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார்” என்று கேட்டிருக்கிறார்கள், கல்கி கடைசியில் முடிவுரை எழுதிப் பதில் சொல்கிறார். எல்லா முடிச்சும் அவிழ்ந்தால்தான் திருப்தி என்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே உள்ளே வாருங்கள்.

வாங்கும் விஷயம். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன, தரம் ஆளுக்கு ஆள் மாறும். ஐந்து பாகத்தையும் ஒரே தலையணையாக அடித்த மலிவுப் பதிப்பு வேண்டாம், எழுத்துப் பொடி, கையில் பிடித்துப் படிக்கவும் முடியாது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் முழு நாவலும் இலவசமாகவே இருக்கிறது, இரண்டாம் பாகத்தின் முதல் பத்து அத்தியாயத்தை அதில் படித்துப் பார்த்துவிட்டு புத்தகம் வாங்க பினாங்கின் லெபோ பசார் பக்கம் போங்கள். தனித்தனிப் பாகமாகக் கிடைத்தால் ‘சுழற்காற்று’ மட்டும் முதலில் வாங்கினால் போதும்.