ஜெர்மன் வேண்டாம் என்பவரை நகர்த்துவது எப்படி? வகுப்பு, ஆப், தனி ஆசிரியர், பேக்கரி: ஓர் ஒப்பீடு

ஜெர்மனிக்கு வந்து நாலு வருடம் ஆகியும் "டாங்க" (நன்றி), "பிட்ட" (தயவுசெய்து) என்ற இரண்டு சொல்லைத் தாண்டாத தமிழர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வீட்டில் இதற்குச் சோம்பல் என்று பெயர். அந்தப் பெயர் தப்பு. ஆபீஸில் ஆங்கிலமே போதுமே என்பவர் ஒரு ரகம். தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்று கூசுபவர் இன்னொரு ரகம். "ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடுவோம், அப்புறம் எதுக்கு?" என்பவர் மூன்றாவது ரகம். ஒருவரை நகர்த்தும் வழி அடுத்தவரை இன்னும் ஒதுங்க வைக்கும். அதனால் கோர்ஸ் தேடும் முன் ஆளைப் பாருங்கள்.

முதலில் நேரக் கணக்கு. குடியேறியவர்களுக்கு அரசு நடத்தும் இன்டெக்ராட்சியோன்ஸ்கூர்ஸ் என்ற வகுப்பில் மொழிக்கு மட்டும் 600 பாடம், ஒரு பாடம் 45 நிமிடம், இலக்கு பி1 (ஏ1 தொடக்க நிலை, பி1 அன்றாடம் தானே சமாளிக்கும் நிலை). தினம் காலை நாலு, வாரத்துக்கு 20 பாடம் என்று நடந்தால் 30 வாரத்தில் முடியும். பெரியவர்களுக்கான ஊர்ப் பயிற்சி நிலையமான ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலெயில் வாரம் இரண்டு மாலை, மாலைக்கு இரண்டு பாடம் என்று போனால் அதே 600 பாடத்துக்கு 150 வாரம்; விடுமுறையைச் சேர்த்தால் மூன்று வருடம் தாண்டிவிடும். ஆப்பில் தினம் பத்து நிமிடம் என்றால் ஏழு வருடத்துக்கும் மேல்.

ஆனால் தயங்குபவரிடம் இந்தக் கணக்கு பாதிதான் பேசும். காலை வகுப்பு வேகமானது. அதே வேகத்தில் ஆளை உதிர்த்தும் விடும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் போகவில்லை என்றால் வகுப்பு 16 பாடம் முன்னே போயிருக்கும். ஐந்தாம் நாள் போய் உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது, ஆறாம் நாள் போகப் பிடிக்காது. கூச்சக்காரர் பெரும்பாலும் இங்கேதான் நின்றுவிடுகிறார். வகுப்பில் ஒரே ஒரு தோழி இருந்து அன்றைய பாடத்தின் பக்க எண்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால்கூட இந்த இடைவெளியைச் சமாளிக்கலாம். சேர்ந்த முதல் வாரமே அந்த ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள். மாலை வகுப்பு மெதுவானது, ஆனால் வேலைக்குப் போகிறவருக்கு அதுதான் நடக்கும்.

ஆப்பைப் பற்றி எங்களுக்குப் பெரிய மரியாதை இல்லை. படத்தைப் பார்த்துச் சொல்லைத் தொடப் பழகுகிறோம். வாய் திறக்கப் பழகுவதில்லை. முன்னூறு நாள் விடாமல் செய்தவர் மருத்துவமனை வரவேற்பில் ஊமையாக நிற்பது இதனால்தான். எழுத்தும் முதல் சொற்களும் பழக ஆறு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

கூசுபவருக்குத் தனி ஆசிரியர்தான் சரி. வாரம் இரண்டு முறை, தடவைக்கு அரை மணி, ஆன்லைனில். தமிழ் தெரிந்த ஆசிரியர் கிடைத்தால் ஒரு பெரிய சாதகம் உண்டு. ஜெர்மன் துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வரும்: "வைல் இஹ் க்ராங்க் பின்" (ஏனெனில் நான் நோயாக இருக்கிறேன்; "பின்" என்பதுதான் வினை). "எனக்கு உடம்பு சரியில்லாததால்" என்று கடைசிச் சொல்லில் காரணத்தை வைத்துப் பேசும் நமக்கு இந்த வரிசை அந்நியமே இல்லை. ஆங்கிலம் வழியாகப் படித்தால் இது பூதமாகத் தெரியும். தமிழ் வழியாகக் காட்டினால் "அட, இவ்வளவுதானா" என்று முகம் மலரும். அந்த மலர்ச்சி பத்து வகுப்புக்குத் தாங்கும். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது: வகுப்பு முழுக்கத் தமிழிலேயே ஓடிவிடும். பத்து நிமிடம் தமிழில் விளக்கம், இருபது நிமிடம் ஜெர்மன் மட்டும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

ஆங்கிலம் போதும் என்பவரிடம் பண்பாடு, மரியாதை என்று பேசிப் பயனில்லை. தேதியும் மாதமும் பேசுங்கள். ப்ளூ கார்டு (திறன்மிக்க வேலையாளருக்கான வசிப்பு அனுமதி) வைத்திருப்பவர் மற்ற நிபந்தனைகளோடு ஏ1 காட்டினால் 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பி1 இருந்தால் 21 மாதம். ஆறு மாத வித்தியாசம் இவருக்குச் சட்டென்று உறைக்கும். கோதே நிறுவனம் நடத்தும் பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனி. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். படித்தலில் தொடங்குங்கள். கையில் ஒரு சான்றிதழ் வந்த பிறகு இவரை யாரும் தள்ள வேண்டியிராது. கூசுபவருக்கு மட்டும் தேர்வுத் தேதி குறிக்காதீர்கள். தேதி நெருங்க நெருங்க அவர் புத்தகத்தையே மூடிவிடுவார்.

ஊருக்குத் திரும்பப் போகிறவருக்கு வகுப்பும் வேண்டாம், தேர்வும் வேண்டாம். அவருக்கு பேக்கரி, அதாவது கடையில் நின்று பேசிப் பழகுவது. ப்ளூ கார்டுக்காரரின் மனைவியோ கணவரோ வருவதற்கு ஏ1 கட்டாயமில்லை. அதனால் ஒரு சொல்கூடத் தெரியாமல் வந்து இறங்கி, துணையையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வது எளிதாகிவிடுகிறது. தயக்கத்துக்குத் தீனி போடுவது இந்த ஏற்பாடுதான். இதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்க வேண்டும்.

முதல் வாரம் ஒரே வாக்கியம்: "இஹ் ஹெட்ட கெர்ன் ட்ஸ்வை ப்ரோட்ஷென், பிட்ட" (எனக்கு இரண்டு பன் வேண்டும்). இதோடு அனுப்பினால் மாட்டிக்கொள்வார். கடைக்காரர் உடனே "ஸோன்ஸ்ட் நோஹ் எட்வாஸ்?" என்பார், வேறு ஏதாவது வேண்டுமா என்று. "நைன், டாங்க, டாஸ் இஸ்ட் ஆலெஸ்" (வேண்டாம், நன்றி, அவ்வளவுதான்) என்ற பதிலையும் சேர்த்தே பழக்குங்கள். அடுத்த பள்ளம் விலை. 48 என்பதை ஜெர்மனில் எட்டும் நாற்பதும் என்று சொல்வார்கள், "ஆஹ்ட்-உண்ட்-ஃபியர்ட்ஸிஹ்". காதில் முதலில் எட்டு விழுவதால் 84 என்று எண்ணி முழிப்பார்கள். தினம் ஐந்து நிமிடம் ரசீதிலுள்ள விலைகளை ஒருவர் வாசிக்க, மற்றவர் எழுதட்டும். இரண்டு வாரத்தில் பிடிபடும். கடைக்காரர் ஆங்கிலத்துக்குத் தாவினால் "பிட்ட ஆஃப் டொய்ச், இஹ் லெர்ன நோஹ்" (ஜெர்மனிலேயே பேசுங்கள், இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்) என்று சிரித்தபடி சொன்னால் போதும்; பலரும் சந்தோஷமாக மெதுவாகப் பேசுவார்கள்.

அடுத்த மாதம் கிட்டாவில் (குழந்தைகள் காப்பகம்) குழந்தையை விடும்போது ஆசிரியையிடம் ஒரு வரி. அதற்கடுத்து டாக்டருக்கு போன். முகமும் கையசைவும் இல்லாததால் போன்தான் எல்லாவற்றிலும் கடினம். "இஹ் ப்ராவ்ஹ ஐனென் டெர்மீன்" (எனக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் வேண்டும்), பெயரை எழுத்து எழுத்தாக, பிறந்த தேதி, "லாங்ஸாம், பிட்ட" (மெதுவாகச் சொல்லுங்கள்) ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி போனுக்குப் பக்கத்தில் வையுங்கள். நம் பெயர்கள் நீளமானவை, எழுத்துக் கூட்டும்போதுதான் நாக்கு சிக்கும். அதை மட்டும் முந்தின நாள் இருபது தடவை சொல்லிப் பார்க்கட்டும். போன் பேசும் நேரத்தில் துணை அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.